மணி அடித்த பிறகு உள்ளே போனவர்கள்

(மாணவர் விடுதி ஒன்றில், அம்பேத்கர் பிறந்தநாளை ஒட்டி மாணவர்களே நடத்திய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



துண்டறிக்கையில் 'உயர்கல்வியும் சமூகநீதியும்' என்று பெரிய தலைப்பாகப் போட்டிருக்கிறீர்கள். இட ஒதுக்கீடு, தனியார்மயம், நிரப்பப்படாத பணியிடங்கள் என்று அதைப்பற்றி விரிவாகப் பேசக்கூடிய தோழர்கள் எனக்குப் பிறகு பேச இருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை. காலையில் எட்டரை மணிக்கு இந்த விடுதியின் கேட்டைத் தாண்டிப் போகிறீர்கள். சாயங்காலம் திரும்பி வருகிறீர்கள். நடுவில் இருக்கிற அந்த எட்டு மணி நேரத்தில் உங்களுக்கு என்ன நடக்கிறது, அதை எப்படித் தாங்கிக்கொள்கிறீர்கள், இதைப்பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கொலை நடந்தால், குடிசைக்குத் தீ வைத்தால் நாம் சாலைக்கு வருகிறோம். உண்மை அறியும் குழு போகிறது, அறிக்கை வருகிறது. ஆனால் ஒரு பார்வைக்கு, ஒரு கேள்விக்கு, ஒரு சிரிப்புக்கு யாரும் உண்மை அறியும் குழு போடுவதில்லை. போட வேண்டியவர்கள் நாம்தான்.

முதலில் ஒரு பையனைப்பற்றிச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. கோயமுத்தூர்க் கலாசாலை. சுமார் 400 பிள்ளைகள் படிக்கிறார்கள். பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லாரும் பார்ப்பனப் பிள்ளைகள். அந்தப் பத்துப் பேரில் நம்ம பையன் ஒருவன். அவன் மணி அடிப்பதற்கு முன்னால் உள்ளே போக மாட்டான். வெளியில் எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவான். வகுப்பு விட்டதும் கூடப் படிக்கிற பிள்ளைகள் யாரும் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டுக்கு நடையைக் கட்டிவிடுவான். ஏன்? முன்னாடியே போய் நின்றால் பிள்ளைகள் பேச்சுக் கொடுப்பார்கள். பேச்சுக் கொடுத்தால் எந்த ஊர், எந்தத் தெரு, என்ன குடும்பம் என்று கேட்பார்கள். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் அண்ணல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போன இரட்டைமலை சீனிவாசன். 1939-இல் வெளிவந்த தன் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்கிற சிறு நூலில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார். மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட முடியாததை நினைத்து மனம் கலங்கியதையும், இந்த நெருக்கடியை எப்படி வெல்வது என்று திரும்பத் திரும்ப யோசித்ததையும் சொல்கிறார்.

நூறு வருஷத்துக்கு மேலே ஆகிவிட்டது. இப்போது உங்களைக் கேட்கிறேன். மணி அடித்த பிறகு வகுப்புக்குள் போகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் யாராவது இருக்கிறீர்களா? கை தூக்க வேண்டாம். உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளுங்கள்.

நான் இருந்தேன். 1998-இல் பி.எஸ்ஸி. சேர்ந்தேன். மாவட்டத் தலைநகரில் இருந்த ஒரு கல்லூரி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்த பெண் கேட்டாள், "எந்த ஊரு?" சொன்னேன். "எங்க சித்தியக் கூட அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு. ஊர்ல எந்தப் பக்கம்?" இந்த இரண்டாவது கேள்விதான் தோழர்களே கத்தி. முதல் கேள்விக்கு எல்லாருக்கும் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி, நீ ஊரா, காலனியா என்று கேட்கிறது. "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்றேன். எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டே கிடையாது. ஒரு புளியமரம்தான் உண்டு. அன்றைக்குச் சொன்ன அந்தப் பொய்யைக் காப்பாற்ற மூணு வருஷம் பொய் சொன்னேன்.

கேள்விகள் அதோடு நின்றுவிடாது. உங்களுக்கே தெரியும். "அப்பா என்ன பண்றாரு?" "உங்க குலசாமி எது?" "வீட்ல ஞாயித்துக்கிழமை என்ன கறி எடுப்பீங்க?" "கட் ஆஃப் எவ்ளோ?" ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சாதாரண விசாரிப்பு. சேர்த்துப் பார்த்தால் அது ஒரு சல்லடை. விஷயம் தெரிந்த பிறகு வருகிற வசனங்கள் வேறு. "ஒங்களுக்கென்னப்பா, கவர்மெண்டே எல்லாம் குடுத்துரும்." "உன்னப் பாத்தா அப்படித் தெரியவே இல்லையே." இந்தக் கடைசி வசனத்தைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். 'அப்படி' என்றால் எப்படி? அழுக்காக, கறுப்பாக, சத்தமாக, படிப்பு வராமல் இருக்க வேண்டும் என்று ஒரு உருவத்தை மனசில் வைத்திருக்கிறார்கள். அந்த உருவத்துக்குள் நீ அடங்கவில்லை என்பதற்காக உனக்கு நற்சான்றிதழ் கொடுக்கிறார்கள். உன் அம்மாவை, உன் தெருவை அந்த உருவத்துக்குள்ளேயே விட்டுவிட்டு உன்னை மட்டும் வெளியில் எடுக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் டீ குடிக்கும்போது ஒரு தம்பி சொன்னான், "மேடம், அவங்க வெளாட்டாத்தான் சொல்றாங்க. நாமதான் எல்லாத்தையும் சாதியாப் பாக்குறோமோன்னு எனக்கே டவுட்டா இருக்கு." அந்தச் சந்தேகம் இருக்கிறதே, அதுதான் இந்தக் கொடுமையின் நுட்பமான பகுதி. நேருக்கு நேராக வைதால் கோபம் வரும். கோபத்துக்கு ஒரு தெளிவு உண்டு. சிரித்துக்கொண்டே குத்தினால் நடந்தது குத்தா, இல்லை நமக்குத்தான் அப்படித் தோன்றியதா என்று ராத்திரி முழுக்க நாமே நம்மை விசாரித்துக்கொண்டிருப்போம். அடித்தவன் தூங்கிவிடுவான். அடிபட்டவன் உட்கார்ந்து, அடிபட்டேனா இல்லையா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பான். பாடம் படிக்க வேண்டிய நேரம் இதில் போகிறது.

இது நமக்கு மட்டும் நடப்பது இல்லை. அமெரிக்காவில் செஸ்டர் பியர்ஸ் என்று ஒரு கறுப்பின மனநல மருத்துவர் இருந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். கறுப்பின மக்கள் அன்றாடம் வாங்குகிற இந்த மாதிரிச் சின்னச் சின்ன அடிகளுக்கு 1970 வாக்கில் அவர் ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'நுண் தாக்குதல்' என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் சிறிசு. ஆனால் தினசரி, வாழ்நாள் முழுக்க விழுந்துகொண்டே இருப்பதால் உடம்பையும் மனசையும் அரித்துவிடும். அங்கே ஒரு கறுப்பின மாணவியிடம் "நல்லா இங்கிலீஷ் பேசுறியே" என்பார்கள். அவளுக்குத் தாய்மொழியே ஆங்கிலம்தான். "ஒன் முடியத் தொட்டுப் பாக்கலாமா?" என்பார்கள். "ஒனக்கு எடம் கெடச்சது கலரால" என்பார்கள். நம் வகுப்பறையை அப்படியே மொழிபெயர்த்த மாதிரி இருக்கிறது அல்லவா?

சாதியும் நிறவெறியும் ஒன்றுதானா என்று கேட்டால், ஒன்றில்லை. அங்கே தோலைப் பார்த்தால் தெரிந்துவிடும். இங்கே பார்த்தால் தெரியாது. அதனால்தான் இங்கே சல்லடை தேவைப்படுகிறது, அதனால்தான் நம்மால் ஒளிந்துகொள்ளவும் முடிகிறது. ஆனாலும் இரண்டுக்கும் உள்ள உறவை நம் முன்னோடிகள் கண்டுகொண்டார்கள். 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப்போனவர் அம்பேத்கர். 1946-இல் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டூபாய்சுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்திருந்த மனுவின் படியைக் கேட்டு எழுதிய கடிதம் அது. 1972-இல் பம்பாயில் நம் இளைஞர்கள் அமைப்புக் கட்டியபோது, அங்கிருந்த கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்தார்கள். 2001-இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் சாதியையும் பேச வேண்டும் என்று தலித் இயக்கங்கள் போய் நின்றன. சாதி வேறு, இனம் வேறு என்று சொல்லி இந்திய அரசு அதைத் தடுக்கப் பார்த்தது. தேள் கொட்டினாலும் குளவி கொட்டினாலும் வலி ஒன்றுதான் என்று அரசுக்கு நாம் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, என் வகுப்பறைக்குத் திரும்புகிறேன். முதல் வருஷம் ஜூலை மாதம். பாடம் நடந்துகொண்டிருக்கிறது. ஆபீஸ் பியூன் வாசலில் வந்து நின்று ஒரு தாளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "எஸ்.சி., எஸ்.டி. ஸ்காலர்ஷிப் பசங்கள்லாம் எழுந்து வாங்க. ஆபீஸ்ல கூப்புடுறாங்க." ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். அறுபது ஜோடிக் கண்கள் யார் யார் எழுகிறார்கள் என்று பார்த்தன. நான் எழுந்திருக்கவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரகசியமாக ஆபீசுக்குப் போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசித் தேதி போய்விட்டது. அந்த வருஷம் ஃபீசுக்கும் மெஸ்ஸுக்கும் அப்பா கன்றோடு பசுவை விற்றார். "ஸ்காலர்ஷிப் இன்னும் வரலப்பா" என்று அவரிடமும் பொய் சொன்னேன். பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன், அந்த உதவித்தொகைத் திட்டம் 1944-இல் தொடங்கியது என்று. அப்போது வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். நம் ஆட்கள் போராடி வாங்கிய பணம் அது. அதை வாங்க எழுந்து நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அறிவிப்பு ஒரு மனுசனை என்ன செய்யும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்கிற இரண்டு ஆய்வாளர்கள் உலக வங்கிக்காகச் செய்த ஒரு ஆய்வு 2004-இல் வெளிவந்தது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாவது, ஏழாவது படிக்கிற பையன்களைக் கூட்டி, வழி கண்டுபிடிக்கிற புதிர்களைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு புதிருக்கும் காசு உண்டு. யார் என்ன சாதி என்று சொல்லாமல் விட்டபோது, மேல்சாதிப் பையன்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் புதிர்களை அவிழ்த்தார்கள். இன்னொரு தடவை, எல்லார் முன்னாலும் பெயர், அப்பன் பெயர், சாதி எல்லாவற்றையும் வாசித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட பையன்கள் அவிழ்த்த புதிர்களின் எண்ணிக்கை சட்டென்று குறைந்துவிட்டது. அதே வயசுப் பையன்கள், அதே புதிர். நடுவில் நடந்தது ஒரு அறிவிப்பு மட்டும்தான். 'தகுதி, திறமை' என்று இவர்கள் பேசுகிறார்களே, அந்தத் திறமையை வாசலில் நின்று ஒரு தாளை வாசித்தே குறைக்க முடியும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு தமிழக அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய பகுதி இருக்கக்கூடாது, மாணவர்களை நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைச் சொல்லி அழைக்கக்கூடாது என்றெல்லாம் அவர் பரிந்துரைத்தார். அவர் சொன்னது பள்ளிகளுக்கு. கல்லூரி வாசலில் நிற்கிற பியூனின் கையில் இருக்கிற தாளுக்கும் அது பொருந்த வேண்டும் என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி, இதை நாம் எப்படியெல்லாம் சமாளிக்கிறோம் என்று பார்ப்போம். ஒளிந்துகொள்வது ஒரு வழி. நான் செய்தது. இரண்டு மடங்கு படிப்பது, தேய்த்த சட்டையைத் தவிர வேறு போடாமல் இருப்பது, அவர்களை விட நாலு வார்த்தை கூடுதலாக இங்கிலீஷ் பேசுவது இன்னொரு வழி. அவர்கள் சொல்கிற ஜோக்குக்கு அவர்களுக்கு முன்னால் சிரித்துவிடுவது மூன்றாவது. வகுப்புக்கே போகாமல் விடுதியில் படுத்துக்கொள்வது நான்காவது. அதை வார்டன் சோம்பல் என்று எழுதுவார். ஐந்தாவது, ஒரு நாள் பொறுக்க முடியாமல் திருப்பி அடிப்பது. 2008 நவம்பர் 12 அன்று சென்னை சட்டக் கல்லூரியில் நடந்ததைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. கல்லூரியின் பெயர் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. தேவர் ஜெயந்திக்காக மாணவர்கள் சிலர் அடித்த சுவரொட்டியில் அம்பேத்கர் பெயரை வெட்டிவிட்டுப் போட்டதில் கிளம்பிய பிரச்சினை அது. ஒரு பையன் தரையில் கிடக்கும்போது கட்டையால் அடித்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை. அது தப்புதான். ஆனால் கேமரா வந்தது கடைசி அரைமணி நேரத்துக்கு. அதற்கு முந்தைய நாட்களில் அந்த வளாகத்தில் என்னென்ன பேச்சுகள், என்னென்ன சிரிப்புகள் நடந்தன என்பதற்குப் படம் கிடையாது. திருப்பி அடித்தால் நம்முடைய கடைசி அரைமணி நேரம் மட்டும்தான் சாட்சியாகும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்த வழிகள் எதையும் நான் கேவலமாகப் பார்க்கவில்லை. உயிரோடு இருப்பதற்காகச் செய்தவை இவை. ஒளிந்தவனைக் கோழை என்று சொல்ல, ஒளிய வேண்டிய தேவையே இல்லாதவனுக்கு உரிமை கிடையாது. ஆனால் இந்த ஐந்துக்கும் பொதுவாக ஒரு விஷயம் இருக்கிறது. எல்லாமே தனியாகச் செய்கிறவை. அதன் விலையை நான் கொடுத்தேன். எனக்காக இன்னொருத்தியும் கொடுத்தாள்.

மூன்றாம் வருஷம் படிக்கும்போது, மத்தியானம், வராண்டாவில் மூன்று தோழிகளோடு நடந்து போகிறேன். எதிரில் முதல் வருஷத்துப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள். "அக்கா! நீங்க ஏரிக்கரை காலனி அக்காதான? எங்க அம்மாவும் ஒங்க அம்மாவும் ஒண்ணாத்தான் நடவுக்குப் போவாங்க." பக்கத்து ஊர்க் காலனிப் பெண். எனக்குத் தெரிந்த முகம்தான். நான் சொன்னேன், "இல்லம்மா, நீ வேற யாரையோ நெனச்சிக்கிட்டுக் கேக்குற." அவள் சிரிப்பு அப்படியே நின்றது. "சாரிக்கா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனாள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். அரைப் பரீட்சை லீவு முடிந்து வந்தபோது அவளைக் காணோம். "அந்தப் பொண்ணா? படிப்பு வேணாம்னு வந்துட்டுது. சூளைக்குப் போவுது" என்று அம்மா சொன்னாள்.

நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவள் நின்றிருப்பாள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அது நிறுவனத்தின் குற்றத்தை என் தலையில் போட்டுக்கொள்வது. அவளுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாரம் எந்த ஜன்னலில் கொடுப்பார்கள், எந்தக் கிளார்க் எரிந்து விழுவார், எந்த வாத்தியாரிடம் தைரியமாகப் போய்ச் சந்தேகம் கேட்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மூன்று வருஷம் அடிபட்டுத் தெரிந்துகொண்டது. அதில் ஒன்றைக்கூட அவளுக்கு நான் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த வராண்டாவில் என்னோடு நடந்துவந்த மூன்று பேரில் ஒருத்தி, முதல் வருஷத்திலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். படிப்பு முடிந்து பத்து வருஷம் கழித்து ஏப்ரல் 14 அன்று ஒரு ஊரில் அம்பேத்கர் சிலைக்கு மாலை போடுகிற கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். என்னைப் பார்த்து அவளும் அவளைப் பார்த்து நானும் அப்படியே நின்றுவிட்டோம். அவளும் நம்ம பொண்ணு. அன்றைக்கு அந்தப் பியூன் வந்து கூப்பிட்டபோது அவளும் எழுந்திருக்கவில்லை. மூன்று வருஷம், ஒரே பெஞ்சில், ஒருத்திக்கு இன்னொருத்தி பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். "நீ சிரிச்சா நானும் சிரிச்சேன்டி" என்றாள். எதற்குச் சிரித்தோம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. சாதி இந்துக்கள் செய்ய வேண்டிய வேலையை அவர்களுக்காக நாங்களே செய்திருக்கிறோம் தோழர்களே. எங்கள் இரண்டு பேரையும் பிரித்துவைக்கிற வேலையை.

நாம் சேர்ந்து உட்கார்ந்தால் உடனே ஒரு குற்றச்சாட்டு வரும். "இவங்க எப்பப் பாத்தாலும் தனியா குரூப்பா இருக்காங்க. இவங்கதான் சாதி பாக்குறாங்க." இதுவும் புதிசு இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் கறுப்பினப் பிள்ளைகள் ஏன் ஒன்றாக உட்காருகிறார்கள் என்கிற கேள்வியையே தலைப்பாக வைத்து பெவர்லி டேனியல் டேட்டம் என்கிற கறுப்பின உளவியலாளர் 1997-இல் ஒரு புத்தகம் எழுதினார். மற்றவர்கள் புரிந்துகொள்ளாத வலியைப் புரிந்துகொள்ளக் கூடியவர்களோடு பிள்ளைகள் சேர்கிறார்கள், அது ஒரு பாதுகாப்பு என்பது அவர் சொல்கிற பதில். நம் நாட்டில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியைப்பற்றி விசாரித்த தோராட் குழு 2007-இல் அறிக்கை கொடுத்தது. அங்கே விடுதியில் தலித், பழங்குடி மாணவர்கள் தொல்லை தாங்க முடியாமல் அறை மாறி மாறி மேல்மாடிகளில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். முதலில் துரத்துவார்கள். துரத்தப்பட்டவர்கள் ஒரு இடத்தில் சேர்ந்தால், பார் இவர்கள் தனியாக இருக்கிறார்கள் என்பார்கள். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவையும் நான்கு தோழர்களையும் விடுதியை விட்டு வெளியேற்றியபோது, அவர்கள் வளாகத்துக்குள்ளேயே ஒரு கூடாரம் போட்டு அதற்கு வெளிவாடா என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று அர்த்தம். 2016 ஜனவரி 17 அன்று ரோகித்தை இழந்தோம். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியை இழந்தோம். அந்த இரண்டு தாய்மார்களும் அதே 2019-இல் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். பிள்ளைகளை இழந்த அம்மாக்களே ஒருவரை ஒருவர் தேடிச் சேர்ந்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் இருக்கிற நாம் சேர என்ன தடை?

சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு விடுதி அறையைத்தான் உதாரணமாகச் சொல்வேன். அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ என்கிற ஊரில், கறுப்பின மாணவர்களுக்கான ஒரு கல்லூரியின் விடுதியில் முதலாண்டு மாணவர்கள் நான்கு பேர் ராத்திரிதோறும் பேசிக்கொண்டிருந்தார்கள். உங்களை மாதிரி வயசுப் பிள்ளைகள். 1960 பிப்ரவரி 1 அன்று, வெள்ளையருக்கு மட்டுமே உட்கார்ந்து சாப்பிட அனுமதி இருந்த ஒரு கடையில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும் வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இருபது பேருக்கு மேல் வந்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கில். ஜூலை மாதம் அந்தக் கடை பணிந்தது. நான்கு பேரும் முதலில் செய்தது பெரிய புரட்சி இல்லை. 'உனக்கும் இப்படி நடக்குதா?' என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டதுதான்.

இந்த விடுதியில் நீங்கள் செய்யக்கூடியதாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். யாருக்கு எது நடந்தாலும் தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள், எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். தனியாக ஒன்றைப் பார்த்தால் விளையாட்டு மாதிரித் தெரியும். நாற்பது பக்கம் நிரம்பினால் விளையாட்டு இல்லை என்று உங்களுக்கே தெரியும், அந்தத் தம்பியின் சந்தேகமும் தீரும். 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. அந்த வழக்கில் இடமும் சாட்சியும்தான் உயிர். 2012-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகள், கல்லூரிகளில் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க ஒரு அலுவலர் வேண்டும் என்றன. உங்கள் கல்லூரியில் அந்தப் பொறுப்பில் இருப்பவர் யார் என்று எழுதிக் கேளுங்கள். ஸ்காலர்ஷிப் அறிவிப்பை வகுப்பில் கத்தாதீர்கள் என்று மனுக் கொடுங்கள். அப்படியே கத்தினாலும், எழுகிறபோது எல்லாரும் சேர்ந்து எழுங்கள். தனியாக எழுந்தால்தான் கூசும். ஜூன் மாதம் புதுப் பிள்ளைகள் வரும்போது, அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே போய், "நான் இன்ன காலனி, நீ எங்க இருந்து வர்ற?" என்று கேளுங்கள். சீனியர் முதலில் சொன்னால் ஜூனியர் ஒளிய வேண்டியதில்லை. சொல்லத் தயாராக இல்லாதவர்களை யாரும் காட்டிக்கொடுக்கவும் கூடாது. எப்போது சொல்வது என்பது அவரவர் உரிமை.

நம்மைப்பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவை டெல்லியில் முடியைக் கிண்டல் செய்து, தகராறாக்கி அடித்தார்கள். அடுத்த நாள் அவர் இறந்தார். வடகிழக்கு மக்கள் நாடு முழுக்கப் படும் பாட்டைப்பற்றி அந்த வருஷமே பெஸ்பருவா குழு அறிக்கை கொடுத்தது. நம் கல்லூரியில், நம் ஊர் ஓட்டலில் வேலை செய்கிற வடகிழக்குப் பிள்ளைகளை நம் பையன்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? நம்மிலேயே அருந்ததியர் பிள்ளைகளை நாம் எப்படிப் பார்க்கிறோம்? கூட்டத்தில் பேச வந்த தங்கைகளை எங்கே உட்கார வைத்திருக்கிறோம்? இதோ, கடைசி வரிசையில். நமக்கு வலிக்கிறது என்பதால் மட்டும் நாம் அடிக்காதவர்கள் ஆகிவிட மாட்டோம். அந்த நோட்டில் நாம் அடித்ததற்கும் சில பக்கங்களை ஒதுக்கி வையுங்கள்.

ஆதிதிராவிடர் நல விடுதிகளை 2025-இல் தமிழக அரசு சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றியது. நல்ல பெயர்தான். ஆனால் "எந்த ஹாஸ்டல்?" என்று கேட்கிறவன் தொனி மாறிவிட்டதா? பெயரை அரசாங்கம் மாற்றலாம். அந்தக் கேள்விக்குத் தலையை நிமிர்த்திப் பதில் சொல்கிற நிலைமையை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

கோயமுத்தூரில் மணி அடிக்கிற வரைக்கும் வெளியில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் 1893-இல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல் தெரிந்துவிடக்கூடாது என்று பள்ளியிலிருந்து வேகமாக நடந்தாரோ, அந்தச் சொல்லையே பத்திரிகைக்குப் பெயராக வைத்தார். 'பறையன்.' தனியாக இருந்தபோது மறைத்த பெயரை, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது தலைப்பில் அச்சடித்தார். ஒளிந்த காலத்தையும் அவர் மறைக்கவில்லை. முதிய வயதில் அதையும் எழுதிவைத்துவிட்டுப் போனார், நமக்குத் தெரிய வேண்டும் என்று.

அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்ணை நான் பிறகு போய்ப் பார்த்தேன். பல வருஷம் கழித்து. மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லக்கா" என்றாள். ஞாபகம் இருந்தது என்று முகம் சொன்னது. அவள் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். ஜூனில் இந்த மாதிரி ஒரு விடுதிக்குத்தான் வருவாள். அவள் முகமெல்லாம் சிரிப்பாக உங்களைப் பார்த்து ஓடி வந்தால், "ஆமா, நான்தான்" என்று சொல்லுங்கள்.